'கூலிங் சார்ஜ்' 5 ரூபாய் கேட்டால் கொடுக்கணுமா? சட்டம் சொல்வது என்ன?

பஸ் நிலைய கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினால் விலை 20 ரூபாய் என்று அச்சிட்டு இருக்கும். கடைக்காரர் 25 ரூபாய் கேட்பார். "ஏன் அண்ணே?" என்றால், "பிரிட்ஜுல வெச்சு தர்றோம்ல, கரண்டு பில்லு யாரு கட்டுறது? இஷ்டம்னா வாங்கு" என்று பதில் வரும். பஸ் கிளம்பிவிடுமே என்ற அவசரத்தில் பலரும் காசை கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள்.

ஆனால் அந்த 5 ரூபாயை வாங்க சட்டத்தில் இடமே கிடையாது.

வரியும் சேர்த்துத்தான்

பாக்கெட், பாட்டிலில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச சில்லரை விலை. எல்லா வரியும் அதிலேயே அடக்கம். 'ஜி.எஸ்.டி. தனி', 'கூலிங் சார்ஜ்' என்று சொல்லி கடைகளில் அதற்கு மேல் வாங்கக் கூடாது. குறைத்து விற்கலாம். அச்சிட்ட விலையை அழிப்பதும், அதன் மேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டுவதும் 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி தவறு.

ஓட்டலுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே உட்கார இடம், பரிமாறும் ஆள் என்று சேவையும் சேர்ந்து இருப்பதால் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. பெட்டிக்கடைக்கு இது பொருந்தாது.

பொடி எழுத்து மோசடி

'50 சதவீதம் தள்ளுபடி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, 'வரை' என்பதை கண்ணுக்கு தெரியாமல் பொடி எழுத்தில் போடுவது இன்னொரு தந்திரம். தமிழில் விளம்பரம் செய்தால் நிபந்தனையும் தமிழிலேயே, படிக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது 2022-ல் வந்த மத்திய அரசின் விதிமுறை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் ரூ.50 லட்சம் வரை போகும்.

புகார் செய்வது எப்படி?

முதலில் பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுத்தால் பாட்டிலையும் கடை பெயர் பலகையையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். தமிழ்நாட்டில் மாவட்ட தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம்.

நஷ்டஈடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள் போக வேண்டும். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை.

'அஞ்சு ரூபாய்தானே' என்று விட்டுவிடுகிறோம். தினமும் ஒரு பாட்டில் வாங்குபவருக்கு அது வருஷத்துக்கு 1,825 ரூபாய்!