பேரேட்டுக்கு ஒரு மறுபிரதி

கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த ஒருவர் திருத்தணியில் ஏ.டி.எம். மூலம் ஐந்நூறு ரூபாய் எடுப்பதாகக் கொள்வோம். அவருடைய வங்கிக் கணக்கு திருத்தணியில் இல்லை. தொலைவிலுள்ள நகரமொன்றில், சர்வர் எனப்படும் கணிப்பொறியில் இருக்கிறது. அந்தச் சர்வர் தீயிலோ வெள்ளத்திலோ அழிந்தால் அவர் பணம் என்னவாகும்?

வேறோர் ஊரில் மறுபிரதி இருந்தால் கவலையில்லை. ஆனால், கோடிக்கணக்கான கணக்குகளை நிமிடந்தோறும் முழுமையாகப் பிரதியெடுப்பது இயலாத செயல். இதற்கு வழி என்ன?

கடைக் கணக்கர் வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் வரிசையாக எழுதுவார். பின்னர் பேரேட்டில் பதிவார். தரவுத்தளமும் அப்படித்தான். ஒவ்வொரு மாற்றமும் முதலில் 'லாக்' என்னும் குறிப்பேட்டில் ஏறுகிறது. ஆகவே, பேரேட்டை ஒருமுறை முழுமையாகப் பிரதியெடுத்து இரண்டாவது சர்வரில் வைத்துவிட்டால், அதன்பின் குறிப்பேட்டின் புதிய பக்கங்களை மட்டும் அனுப்பினால் போதும். அங்கே அவற்றை வரிசைப்படி பதிந்துகொள்ளலாம். இம்முறையே 'லாக் ஷிப்பிங்' எனப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, இடையில் ஒரு பக்கம் தவறினாலும் அடுத்த பக்கங்களைப் பதிய முடியாது. இரண்டாவது, 15 நிமிடங்களுக்கு ஒருமுறை பக்கங்களை அனுப்பினால், விபத்தின்போது கடைசி 15 நிமிடப் பதிவுகள் வரை இழக்க நேரலாம். மூன்றாவது, பதிவதை வேண்டுமென்றே சில மணி நேரம் தாமதப்படுத்தலாம். யாரேனும் தவறுதலாக ஒரு பட்டியலை அழித்துவிட்டால், அந்தத் தவறு இரண்டாவது சர்வரை எட்டுமுன் தடுத்துவிடலாம்.

மறுபிரதி எம்முறையில் அமைந்தாலும், அது இருந்தால் மட்டும் போதாது. வேண்டியபோது அதற்கு மாறவும் வேண்டும். மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தைக்குச் சென்னையில் மாற்று நிலையம் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40 மணிக்கு அங்கு வணிகம் நின்றது. ஆயினும் பணி சென்னைக்கு மாற்றப்படவில்லை. பிற்பகல் 3.45 மணிக்குத்தான் வணிகம் மீண்டும் தொடங்கியது. அடுத்த மாதமே 'செபி' விதிகளைக் கடுமையாக்கியது. பேரிடர் என அறிவித்த 45 நிமிடங்களுக்குள் பணி மீள வேண்டும். தரவு இழப்பு 15 நிமிட அளவைத் தாண்டக் கூடாது.

ஆகவே, கடைசியாகப் பதிந்த பக்கம் எது என்பதை நாள்தோறும் பார்ப்பதும், மறுபிரதிக்கு மாறிப் பணிசெய்து அவ்வப்போது ஒத்திகை பார்ப்பதும் நிர்வாகியின் கடமைகளாகும். திருத்தணியில் எடுத்த ஐந்நூறு ரூபாயின் கணக்கு அப்போதுதான் பத்திரமாக இருக்கும்.