பெரிபெரி: 'முடியாது' என்ற சொல் நோயின் பெயரான கதை

கண்டி - கொழும்பு வீதியில், பிலிமத்தலாவைச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் 'பெரி' என்ற சிங்களச் சொல் காதில் விழாமல் போகாது. 'யன்ன பெரி' என்றால் போக முடியாது. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில், விற்றமின் குறைபாட்டு நோய்களின் பட்டியலில் நாம் மனனம் செய்த 'பெரிபெரி' இந்தச் சொல்லின் இரட்டிப்பு என்றே பல ஆங்கில அகராதிகள் கூறுகின்றன. கால் விழுந்துபோன நோயாளி "முடியாது, முடியாது" என்றதை வெளியிலிருந்து வந்தவர்கள் நோயின் பெயராகவே எழுதிக்கொண்டார்களாம்.

இதற்குப் போட்டியான விளக்கமும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பணியாற்றிய ஒல்லாந்த வைத்தியர் பொன்டியஸ், இந்தப் பெயருக்குச் செம்மறியாடு என்று பொருள் சொன்னார். மலாய் மொழியில் 'பிரி-பிரி' என்றால் செம்மறிதான். நோயாளிகள் முழங்கால் தள்ளாட ஆட்டைப்போல நடக்கிறார்கள் என்பது அவர் கண்ட காரணம். அரபு வேர் தேடியவர்களும் இருக்கிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். சிங்கள விளக்கத்தில் நோயாளி பேசுகிறார். மலாய் விளக்கத்தில் நோயாளியை இன்னொருவர் பார்க்கிறார்.

ஆங்கிலேயர் இந்தச் சொல்லை நன்கு அறிந்துகொண்ட இடங்களில் இலங்கையும் ஒன்று. பிலிமத்தலாவை என்ற பெயரைத் தாங்கிய மகா அதிகாரின் அரசியல் பேரங்களை நம்பி, 1803இல் அவர்கள் கண்டிக்குள் படை நடத்தித் தோற்றார்கள். அந்தப் படையை அழித்ததில் காய்ச்சலுக்குப் பெரும் பங்குண்டு. கரையோர முகாம்களிலோ பெரிபெரி படையினரைக் கொன்றுகொண்டிருந்தது. இலங்கையில் மருத்துவப் பொறுப்பிலிருந்த தோமஸ் கிறிஸ்டி அந்த நோயைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1804இல் கல்கத்தாவில் வெளியான நூலொன்றில் அச்சாகின. அப்போது அந்தச் சொல்லுக்கு வீக்கம், மூச்சுத்திணறல், திடீர் மரணம் என்பதே பொருள். காரணம் கெட்ட காற்று, ஈரம் என்று ஊகித்தார்கள். பின்னர் கிருமி என்று தேடினார்கள்.

பொருளை மாற்றியது அரிசி. பட்டேவியாவில் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய வெள்ளையரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுவதையும் தவிடு கொடுத்தால் குணமாவதையும் கண்டார். 1929இல் நொபெல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. மலாயாவில் பணியாற்றிய வைத்தியர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் நம்மவர்களும் வருகிறார்கள். பச்சை வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு குத்தித் தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. அந்தச் சத்துக்குப் பின்னர் தயமின் அல்லது விற்றமின் பி1 என்று பெயர் வந்தது. மாச்சத்தைச் சக்தியாக்க உடலுக்கு அது தேவை. உடலில் உள்ள சேமிப்போ சில வாரங்களுக்குத்தான் போதும்.

அதன்பின் பெரிபெரி என்றால் தயமின் குறைபாடு என்றானது. நரம்பைத் தாக்கிக் காலை மரக்கச் செய்வது உலர் பெரிபெரி. இதயத்தைத் தாக்கி உடலை வீங்கச் செய்வது ஈரப் பெரிபெரி. சத்தில்லாத தாயிடம் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கும் வரும். அந்தக் குழந்தை அழும், ஆனால் குரல் வெளிவராது.

இரண்டாம் உலகப் போரில் சொல்லின் எல்லை இன்னும் விரிந்தது. சிங்கப்பூரில் யப்பானியரிடம் சிறைப்பட்ட வைத்தியர்கள், சக கைதிகளின் கண் தடுமாறுவதையும் புத்தி குழம்புவதையும் பதிவுசெய்து, 1947இல் 'மூளைப் பெரிபெரி' என்ற பெயரில் வெளியிட்டார்கள். மலாயாவிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழரின் நோய்களிலும் இது ஒன்று. புழுங்கலரிசியால் தப்பிய சமூகம், தன் அரிசியைத் தானே தெரிய முடியாத இடத்தில் அதே நோயிடம் சிக்கியது.

1990களின் முற்பகுதியில் நேபாளத்திலிருந்த பூட்டான் அகதிகளின் முகாம்களிலும் பெரிபெரி பரவியது. அங்கு முக்கிய நிவாரணம் தீட்டிய அரிசி. 1999இல் உலக சுகாதார நிறுவனம் பெரும் அனர்த்தங்களில் தயமின் குறைபாட்டைத் தடுப்பதற்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது.

இடம்பெயர்ந்து, நிவாரண அட்டையில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல. ஆளுக்கு எத்தனை கிலோ என்று அட்டை சொல்லும். பச்சையா புழுங்கலா, எவ்வளவு தீட்டியது, கூடப் பருப்பும் மரக்கறியும் உண்டா என்பது அதில் தெரியாது. பெரிபெரியில் உயிரைக் காப்பதும் எடுப்பதும் அந்த விபரங்கள்தான். வயிறு நிறைந்தவருக்கும் இந்த நோய் வரும்.

இன்று இது அரிதாகிவிட்டது. கடும் குடிப்பழக்கம் உள்ளவர்களிடமும், நீண்டநாள் உண்ணாதிருந்தவர்களிடமும், ஓயாத வாந்தியால் வாடும் கர்ப்பிணிகளிடமும் இன்னும் காணலாம். கால் மரப்பதற்கு நீரிழிவு உட்பட வேறு காரணங்களும் உண்டு என்பதால் வைத்தியரைக் காண்பதே சரி. அப்போது "நடக்க முடியாது" என்பதோடு நிற்காமல், கடந்த மாதங்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்க அந்தப் பதில் தேவை.