கால் போனாலும் நடை போகாது

காலை எடுத்த பிறகும் வைத்தியம் முடிவதில்லை. புண் ஆறியதும் எஞ்சிய காலில் நுனி இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் எலாஸ்டிக் கட்டுப் போட்டுவந்தால் வீக்கம் வடிந்து, செயற்கைக் கால் பொருந்தும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் மூட்டு மடங்கியே நின்றுவிடும். இல்லாத பாதம் வலிப்பது மனப்பிரமை அன்று, டாக்டரிடம் சொல்லவேண்டும்.

1968-ல் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ஜெய்ப்பூரில் உருவாக்கிய ரப்பர் பாதம், வெறுங்காலுடன் நடக்கவும் சேற்றில் இறங்கவும் குந்தி உட்காரவும் உதவுகிறது. தேவிகுளம், பீர்மேடு தேயிலைச் சரிவுகளிலும் சித்தூர் வயல்களிலும் பிழைப்பவர்களுக்கு ஏற்றது இதுவே. 1981-ல் திருச்சி அருகே நேர்ந்த விபத்தினால் ஒரு காலை இழந்த சுதா சந்திரன், இதை அணிந்தே மீண்டும் பரதம் ஆடினார்.

சர்க்கரை நோயாளிகள் மறு காலை நாள்தோறும் கவனித்துக் காப்பது அவசியம்.