வாயில் கொழுக்கட்டையா?

வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி பிள்ளைக்குத்தான். "எத்தனாவது படிக்கிறே கண்ணு?" பிள்ளை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளியும். "வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்பார் மாமா. "மூணாங்கிளாஸ் மாமா, இவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்று அம்மா முந்திக்கொள்வார். நான் சொல்ல வருவது அந்த முந்திக்கொள்ளலைப் பற்றித்தான்.

கூச்சம் நோயல்ல. விடை தெரிந்தும் கை தூக்காமல், கழிவறைக்குப் போகக் கேட்கக்கூடப் பயந்து மணியடிக்கும் வரை அடக்கிக்கொண்டு, கூடப் படிக்கும் பிள்ளைகளிடமும் ஒதுங்கி, ஆறு மாதத்துக்கும் மேலாக ஒரு பிள்ளை தவித்தால் அது சமூகப் பதற்றமாக இருக்கலாம். பெரும்பாலும் பதின்பருவத் தொடக்கத்தில் தலைகாட்டும். 'வளர்ந்தா சரியாயிடும்' என்று நாம் தள்ளிப்போடுவதும் அப்போதுதான்.

கூச்சம் கொஞ்சம் பிறவியிலேயே வருகிறது. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொம்மைகளைக் காட்டியும் புதுக் குரல்களைக் கேட்கவைத்தும் பார்த்தார். ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்து அழுதது. பின்னாளில் புதியவர்களிடம் அதிகம் தயங்கியவர்கள் இந்தக் குழந்தைகளில் மிகுதி. ஆனாலும் எல்லோருக்கும் அது பதற்றமாக முற்றிவிடவில்லை.

முற்றவைப்பது தவிர்ப்பு. அம்மா பதில் சொன்னதும் பிள்ளைக்கு 'அப்பாடா' என்றிருக்கிறது. அந்த நிம்மதிதான் வினை. ஒளிந்ததால் தப்பித்தோம் என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும். பேச நேர்ந்தாலோ கவனமெல்லாம் தன்மேல்தான்: முகம் சிவக்கிறதா, குரல் நடுங்குகிறதா? 1995இல் கிளார்க், வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இந்தச் சுழலை விளக்கினார்கள். இதை உடைக்க ஒரு வழி, பேசுவதை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டுவது. உள்ளே அவ்வளவு நடுக்கம், திரையில் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும்!

மருந்தும் உண்டு. அமெரிக்காவில் பதற்றக் கோளாறுள்ள 488 சிறுவர் சிறுமியரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சையில் 60 சதவீதம் பேரும், செர்ட்ரலின் மாத்திரையில் 55 சதவீதம் பேரும் நன்கு தேறினார்கள். இரண்டும் சேர்ந்தபோது 81. வெற்று மாத்திரைக்கு 24தான். மாத்திரையை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேச்சு சிகிச்சையின் உயிர், படிப்படியாகப் பழக்குவது. முதல் வாரம் அண்ணாச்சி கடையில் காசை மட்டும் நீட்டுவது. பிறகு "ஒரு ஷாம்பு பாக்கெட்" என்று கேட்பது. அப்புறம், "இது வேண்டாம், வேற குடுங்க" என்று திருப்பிக் கொடுப்பது. மூன்றாவது பெரியவர்களுக்கே கஷ்டம்.

மாமா அடுத்த முறை வந்து கேட்கும்போது அம்மா மனசுக்குள் ஐந்து வரை எண்ணலாம். மாமாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், கொழுக்கட்டையை எடுக்காதீர்கள் என்று.