கரையானின் காளானா, காளானின் கரையானா?

நல்ல மழை பெய்து ஓய்ந்தபின் புற்றை ஒட்டிக் குடை விரிப்பதைப் புற்றுக்காளான் என்பார்கள் புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்காரர்கள். அறிவியல் அதற்கு வைத்திருக்கும் பேரினப் பெயர் டெர்மிட்டோமைசிஸ். ‘டெர்மெஸ்’ லத்தீனில் மரத்தை அரிக்கும் புழு. கரையானுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் லின்னேயஸ். ‘மைக்கிஸ்’ கிரேக்கத்தில் காளான். இரண்டையும் ஒட்டி 1942-இல் இப்பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம். அப்போது பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பிறகு ஹைமையும் நாஜிகள் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். உயிரோடு மீண்டார்.

பெயரில் முன்னால் நிற்பது பூச்சி. அதைப் படிப்பவருக்குக் கரையான்தான் முதலாளி என்று தோன்றும். புற்றுக்குள் நடப்பதைப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. சருகையும் மரத்துண்டையும் தின்ற கரையான்கள், பாதி செரித்த எச்சத்தை அடுக்கித் துளைதுளையான கூடு ஒன்றைக் கட்டுகின்றன. எச்சத்தோடு வந்த காளான் வித்துகள் அதில் முளைத்து வெண்ணிற இழைகளாகப் பரவுகின்றன. மரத்தின் கடினமான லிக்னினை உடைப்பது இந்தப் பூஞ்சைதான். அது பண்படுத்திய கூட்டையும் அதில் திரளும் வெள்ளை உருண்டைகளையும் கரையான்கள் உண்கின்றன. இரை தேடித் தருவதும், வெப்பமும் ஈரமும் மாறாமல் காப்பதும், வேறு பூஞ்சை நுழையாமல் தடுப்பதும் கரையானின் வேலை. ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய உறவு இது. இதைக் ‘காளானின் கரையான்’ என்று திருப்பிச் சொன்னாலும் தவறில்லை என்பேன்.

நம் கடற்கரைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. தரங்கம்பாடியில் பணியாற்றிய மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கோனிக், கரையான் கூட்டுக்குள் பூஞ்சை இருப்பதை 1779-லேயே எழுதிவிட்டார். இலங்கையிலிருந்து வந்த ஒரு புற்றுக்காளானுக்கு 1847-இல் ஆங்கிலேயப் பூஞ்சையியல் அறிஞர் பெர்க்லி ‘யூரைசஸ்’ என்று பெயரிட்டார். அது வேரைக் குறிக்கும் சொல். இந்தக் காளானின் தண்டு வேர்போல நீண்டு, மண்ணுக்கடியில் இருக்கும் பூஞ்சைக் கூடுவரை இறங்குகிறது. குடையைக் கிள்ளி எடுப்பவர் கண்ணில் அது படுவதில்லை.

1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் புதிய இனம் ஒன்றை விவரித்து, அதற்கு டெர்மிட்டோமைசிஸ் ஹைமியை என்று பெயர் வைத்தார். ஹைம் காலமானதும் அதே ஆண்டில்தான்.

பால் காளானையும் வைக்கோல் காளானையும் குடிசையில் வளர்த்து விற்கிறார்கள். புற்றுக்காளானை அப்படிப் பண்ணையில் விளைவிக்க இன்றுவரை வழி பிறக்கவில்லை. புற்றை இடித்துச் சமன் செய்த மனையில் அது முளைப்பதில்லை.