மெட்ராஸ் கிருமியின் ஒற்றைப் பட்டை

காசநோயாளியின் சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்புக் குச்சிகள் தெரியும். அது மனிதரிடையே பரவும் இனமா, மாட்டிலிருந்து வந்த இனமா என்று குச்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு டி.என்.ஏ. ரேகை வேண்டும்.

முட்டை கலந்த பச்சை நிற ஊடகத்தில் கிருமியை வளர்க்கவே பல வாரம் பிடிக்கும். பிறகு டி.என்.ஏ.வைப் பிரித்து, நொதியால் வெட்டி, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் துண்டுகள் நீளவாரியாகப் பிரியும். ஐஎஸ்6110 என்றொரு துணுக்கு இருக்கும் துண்டுகளை மட்டும் படத்தில் பட்டையாக விழவைப்பார்கள். 1993-இல் உலகம் முழுக்க ஏற்ற முறை இது. பல நாட்டுக் கிருமிகளில் பத்துப் பட்டைக்கு மேல்கூட விழும். ஒன்றையொன்று பிரித்தறிவது எளிது.

சென்னைக் கிருமி இதற்குப் பிடிகொடுக்கவில்லை. சேத்துப்பட்டில் 1956 முதல் இயங்கும் காசநோய் ஆராய்ச்சி மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நோயாளிகளின் கிருமிகளைச் சோதித்தபோது, பலவற்றில் ஒரே ஒரு பட்டை. சிலவற்றில் அதுவும் இல்லை. 1995-இல் அந்த முடிவுகள் வெளியாயின. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஐஎஸ்6110-ஐ மட்டும் தேடும் பி.சி.ஆர். சோதனை, அது இல்லாத கிருமியைச் சுமக்கும் நோயாளியிடம் ‘காசநோய் இல்லை’ என்று சொல்லிவிடும். வெளியூரில் தேறிய சோதனையை நம்மூர்க் கிருமியிடம் சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

அடுத்து வந்தது ஸ்பாலிகோடைப்பிங். கிருமியின் டி.என்.ஏ.வில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதி ஒன்று உண்டு. அந்தத் தொடர்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் குறிப்பிட்ட 43 துணுக்குகள் உள்ளனவா என்று பார்க்கிறார்கள். இருந்தால் கரும்புள்ளி, இல்லாவிட்டால் வெற்றிடம். தென்னிந்தியாவில் மிகுதியான பழைய வம்சத்துக்கு 29 முதல் 32 வரை வெறுமை, 33-இல் புள்ளி, 34-இல் மறுபடி வெறுமை. மாட்டுக் காசநோய்க் கிருமியான போவிஸுக்குக் கடைசி ஐந்தும் இருக்காது. போவிஸுக்குப் பைரசினமைடு மருந்து கேட்காது என்பதால், இனம் தெரிவது சிகிச்சைக்கே தேவை.

இப்போது கிருமியின் முழு மரபணுத்தொகுதியையும் படிக்க முடிகிறது. 2019-இல் சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் சென்னை மாடு ஒன்றிலிருந்து எடுத்த கிருமியை அப்படிப் படித்து வெளியிட்டார்கள். அது போவிஸ் அல்ல, ஒரைஜிஸ் என்ற நெருங்கிய உறவினம். வேலூர் சி.எம்.சி.க்கு வந்த மனித மாதிரிகளிலும் ஒரைஜிஸ் கிடைத்திருக்கிறது. போவிஸை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இந்த இனம் கண்ணில் பட்டிருக்காது.