பிளாக்கும் கரிசலும்

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டியைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமி, கரிசல்காடு எனப்படும். பருத்தி விளையும் இம்மண்ணை ஆங்கில நூல்கள் ‘பிளாக் காட்டன் சாயில்’ எனக் குறிக்கின்றன. ஒரே நிறத்தைச் சுட்டும் ‘பிளாக்’, ‘கரிசல்’ ஆகிய சொற்களின் ஒலிப்பையும் பிறப்பையும் ஒப்பிட்டுக் காண்போம்.

ஓர் உயிரொலியை மையமாகக் கொண்டு ஒலிக்கும் கூறு ஒலியசை ஆகும். ஆங்கிலத்தில் ‘பிளாக்’ என்பது ஒரே ஒலியசை உடையது. அதன் முதலில் இரு மெய்கள் இணைந்து ஒலிக்கும். தமிழில் தனிமெய் மொழிமுதலில் வாராது. ஆதலின், இகரம் சேர்ந்து பி-ளாக் என ஈரொலியசை ஆகிறது. வல்லின மெய் மொழியிறுதியில் வாராமையால், பேச்சுவழக்கில் உகரமும் சேர்ந்து ‘பிளாக்கு’ என்றாவதுண்டு. இச்சொல்லின் ஆங்கில உயிரொலி ஆகாரத்திற்கும் ஏகாரத்திற்கும் இடைப்பட்டது. அதற்குத் தமிழில் தனியெழுத்து இல்லை.

‘கரிசல்’ என்பது க-ரி-சல் என மூன்று ஒலியசைகளை உடையது. யாப்பில் அசை பிரிக்கும் முறை வேறு. அங்கு இச்சொல் கரி/சல் என நிரைநேர் ஆகிப் புளிமா என்னும் வாய்பாடு பெறும்.

பழைய ஆங்கிலத்தில் கருமையைக் குறிக்க வேறொரு சொல்லே பெருவழக்காக இருந்தது. அதன் இனச்சொல் இன்றும் ஜெர்மன் மொழியில் ‘சுவார்ட்ஸ்’ என வழங்குகிறது. பின்னர் அவ்விடத்தைப் பெற்ற ‘பிளாக்’, எரிதல் என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிறந்தது. தீச்சுடரைக் குறிக்கும் ‘பிளேம்’ என்னும் சொல்லும் அவ்வேரினதே. எரிந்து கருகியதன் நிறமே ‘பிளாக்’ ஆயிற்று.

தமிழிலும் ‘கரிதல்’ என்பதற்குத் தீய்தல், கருநிறமாதல் என்னும் இரு பொருளும் உண்டு. அடுப்புக்கரியும் கருகிய பயிரும் இவ்வுறவைக் காட்டும். விரி என்பது விரிசல் ஆனாற்போலக் கரி என்பது கரிசல் ஆயிற்று.

பொருள் வளர்ந்த வழி ஒத்திருப்பதால் இரு சொற்களும் ஒருவேரின என்று கொள்ளுதல் கூடாது. ஆங்கிலம் இந்தோ-ஐரோப்பிய மொழி. தமிழ் திராவிட மொழி. தீயைக் கையாண்ட மாந்தர் அனைவரும் கண்ட காட்சியே இவ்வொற்றுமைக்குக் காரணமாகலாம். கரிசல் மண்ணும் எரிந்து கறுத்ததன்று. அதன் கனிமங்களும் களிமண்ணோடு கலந்த மட்கும் அந்நிறத்தைத் தருகின்றன.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கினார். நாள்தோறும் வழங்கும் சொல்லும் ஆராய்ச்சிக்கு உரியதே என்பதை அப்பணி உணர்த்துகிறது. தம் ஊர்ச்சொல்லின் வேரைத் தேடிப் பழகிய மாணவர்க்குப் பிறமொழிச் சொல்லின் வேரும் எளிதில் விளங்கும்.